அப்பாவின் பிஸ்கட் டப்பாவில் ஓர் ஆந்தைக் காசு: வெட்டை அடைத்து டாலர் செய்யலாமா?

முத்துநகர் மகள்:

எல்லாருக்கும் வணக்கம். இத்தனை நாளும் வாசித்துவிட்டுப் போய்க்கொண்டிருந்தேன். எழுதுவது இதுதான் முதல் தடவை.

அப்பா 1978 முதல் 1991 வரை சரக்குக் கப்பல்களில் இன்ஜின் ஃபிட்டராக இருந்தார். பெரும்பாலும் கிரேக்க முதலாளிகளின் கப்பல்கள்தான். போன வருஷம் தவறிவிட்டார். வருஷத் திதி முடிந்து அவருடைய டிரங்குப் பெட்டியை ஒழித்தபோது பிஸ்கட் டப்பா நிறைய வெளிநாட்டுச் சில்லறை இருந்தது. அந்த டப்பா எங்களுக்குப் புதிதில்லை. சின்ன வயதில் மழை நாளில் அதைக் கவிழ்த்து வைத்துத்தான் கடை விளையாட்டு விளையாடுவோம். ஆனால் டப்பாவின் அடியில் வேட்டிக் கிழிசலில் முடிந்து ஒரு காசு தனியாகக் கிடந்தது. அதை நாங்கள் பார்த்ததே இல்லை.

காசு சரியான வட்டமாக இல்லை. தடித்துப்போய், ஓரத்தில் இரண்டு இடத்தில் விரிசல் விட்டிருக்கிறது. ஒரு பக்கம் தலைக்கவசம் போட்ட பெண் முகம். இன்னொரு பக்கம் நம்மையே முறைத்துப் பார்க்கும் ஆந்தை, அதன் தோளுக்குப் பின்னால் சின்ன இலைக்கொத்து, பிறை நிலா. வலப் பக்கத்தில் மேலிருந்து கீழாக மூன்று எழுத்து: ஆங்கில ‘ஏ’ போல ஒன்று, நடுவில் புள்ளி வைத்த வட்டம், ஆங்கில ‘ஈ’ போல ஒன்று. ஆந்தையின் நெஞ்சுக்குக் குறுக்கே உளியால் வெட்டியது போல ஆழமான வெட்டு. நகம் உள்ளே போகிற ஆழம்.

இங்கே ஒரு வெள்ளிக் கடையில் காட்டினேன். “வெட்டுப்பட்ட காசு, உருக்கினால் வெள்ளி விலைதான் தேறும். வேணும்னா பொடி வைத்து வெட்டை அடைத்து, மெருகேற்றி, மேலே வளையம் வைத்துத் தருகிறேன்” என்றார் கடைக்காரர். என் தம்பிக்கு அது பிடித்துவிட்டது. தாத்தா ஞாபகமாக அவன் பையனுக்கு டாலர் செய்து போடலாம் என்கிறான். அம்மாவுக்கோ ஆந்தை வீட்டில் இருப்பதே பிடிக்கவில்லை.

கேட்க வேண்டியது இவ்வளவுதான். இது நிஜமாகவே பழைய காசா? அந்த வெட்டை அடைக்கலாமா?

செல்லாக்காசு:

அக்கா, மனதைத் தேற்றிக்கொள்ளுங்கள். ஏதென்ஸில் இறங்கினால் ஆந்தை இல்லாத கடையே கிடையாது. சாவிக்கொத்தில் ஆந்தை, பனியனில் ஆந்தை, தட்டில் ஆந்தை. இந்த மாதிரி நகல் காசு கூடையில் குவித்து வைத்து விற்கிறார்கள், நானே இரண்டு வாங்கி வந்தேன். இன்றைக்குக் கிரேக்க நாட்டின் ஒரு யூரோ நாணயத்திலும் இதே ஆந்தைதான். வெட்டு எல்லாம் பழசு மாதிரிக் காட்டுவதற்காகப் போட்டிருப்பான். டாலர் செய்து பையன் கழுத்தில் போடுங்கள், ஒரு நஷ்டமும் இல்லை.

உரைகல்:

அம்மா, நகலோ அசலோ, முதலில் அந்தக் காசைத் தம்பி கையிலிருந்து வாங்கி ஒரு காகித உறைக்குள் போட்டு வையுங்கள். புளி, விபூதி, பற்பசை எதுவும் அதன் மேல் படக்கூடாது. கறுப்பாக இருந்தால் கறுப்பாகவே இருக்கட்டும். மீதியை அப்புறம் பேசலாம்.

நான் 31 வருஷம் வங்கியில் நகை மதிப்பீட்டாளராக இருந்தவன். ஓய்வு பெற்ற பிறகு இந்தக் கிரேக்க வெள்ளியில் கிறுக்கு. கையில் இருப்பது நாலே காசுதான், படித்தது அதிகம்.

நீங்கள் சொன்ன மூன்று எழுத்து ஆல்ஃபா, தீட்டா, எப்சிலன். ‘ஆதெ’ என்று வாசிக்க வேண்டும். ‘ஏதென்ஸ்காரர்களுடையது’ என்பதன் சுருக்கம். தலை ஏதென்ஸின் காவல் தெய்வமான ஆதீனா. ஆந்தை அவளுடைய பறவை, இலைக்கொத்து ஒலிவம், அதுவும் அவள் கொடுத்த மரம். பிறைக்கு மட்டும் ஆளுக்கொரு விளக்கம் சொல்வார்கள். பாரசீகரோடு நடந்த போரின் நினைவு என்பார்கள் சிலர். எனக்கு அதில் நம்பிக்கை இல்லை. ஆந்தை ராத்திரிப் பறவை, ராத்திரிக்கு நிலா, அவ்வளவுதான் என்று தோன்றுகிறது.

உங்கள் அம்மாவிடம் ஒன்று சொல்லுங்கள். நமக்குத்தான் ஆந்தை அலறினால் ஆகாது. அவர்களுக்குப் படை கிளம்பும்போது ஆந்தை பறந்தால் வெற்றி நிச்சயம். ஊரில் ஆந்தை அவ்வளவு மலிவு என்பதால் ‘ஏதென்ஸுக்கு ஆந்தை கொண்டுபோவது’ என்றே ஒரு பழமொழி வைத்திருந்தார்கள். நம்முடைய கொல்லன் தெருவில் ஊசி விற்கிற கதைதான்.

இப்போது காசுக்கு வருவோம். இது நாலு டிராக்மா காசு. டிராக்மா என்பது அவர்களுடைய பண அலகு. ஒரு டிராக்மா 4.3 கிராம், ஆக முழு எடை 17.2 கிராம். பூமிக்குள் கிடந்தும் கை மாறியும் தேய்ந்தாலும் 16 ½ கிராமுக்குக் கீழே வந்தால் எனக்குச் சந்தேகம் வரும். கடைத்தெரு நகல்கள் பெரும்பாலும் இங்கேயே மாட்டிக்கொள்ளும். ஈயக் கலப்பிலோ பித்தளையிலோ வார்த்துப் பூச்சுப் பூசியிருப்பார்கள், எடை கன்னாபின்னா என்று இருக்கும். வார்த்த காசுக்கு விளிம்பைச் சுற்றி மயிரிழை போல ஒரு மூட்டுக்கோடு இருக்கும், அதை அரத்தால் தேய்த்த தடமும் இருக்கும். அசல் வார்த்ததில்லை, அடித்தது. முகத்துக்கான அச்சைப் பட்டடையில் பதித்து, சூடு காட்டிய வெள்ளி வில்லையை அதன் மேல் வைத்து, ஆந்தை அச்சைக் கையில் பிடித்துச் சம்மட்டியால் ஒரே போடு. அதனால்தான் ஓரம் விரிசல் விடுகிறது, படம் நடுவில் விழாமல் ஆதீனாவின் கவசக் குஞ்சம் பாதி வெளியே போய்விடுகிறது. நீங்கள் விரிசல் என்று எழுதியதைப் படித்ததும் நான் நிமிர்ந்து உட்கார்ந்தேன்.

சில கேள்விகள் கேட்கிறேன், பொறுமையாகப் பார்த்துச் சொல்லுங்கள்.

ஆதீனாவின் கண் எப்படி இருக்கிறது? முகம் பக்கவாட்டில் இருக்க, கண் மட்டும் நம்மை நேரே பார்க்கும் பாதாம்பருப்பு வடிவமா, அல்லது கண்ணும் பக்கவாட்டுக் கண்ணா? கி.மு. 5ஆம் நூற்றாண்டு முழுக்க நேர்க்கண்தான். சிற்பிகள் எங்கேயோ முன்னேறிப் போய்விட்டார்கள், ஆதீனாவுக்குப் பார்த்தினான் கோயிலையே கட்டி முடித்துவிட்டார்கள், ஆனால் காசில் மட்டும் பழைய பாணிக் கண்ணை விடவில்லை. வெளியூர்க்காரன் பழகிய முகத்தைத்தான் நம்புவான், மாற்றினால் வாங்க யோசிப்பான். 4ஆம் நூற்றாண்டில்தான் கண்ணைத் திருப்பினார்கள்.

ஆந்தையின் வால் ஒற்றை முனையாக முடிகிறதா, மூன்று சின்ன இறகாக முடிகிறதா? கவசத்தில் எத்தனை இலை? விளிம்பைச் சுற்றிக் கோடு தெரிகிறதா? வெட்டின் அடியில் என்ன நிறம்?

அப்புறம் ஒரு சோதனை. இரண்டு தசம இலக்கம் காட்டும் சின்னத் தராசு கிடைத்தால் முதலில் காசைச் சும்மா நிறுத்துங்கள். பிறகு ஒரு தம்ளர் தண்ணீரைத் தராசில் வைத்துச் சுழியம் ஆக்கிவிட்டு, காசை நூலில் கட்டி, அடியைத் தொடாமல் முழுக்கத் தண்ணீருக்குள் தொங்கவிடுங்கள். தராசு காட்டும் எண்ணால் முதல் எடையை வகுத்தால் ஒப்படர்த்தி. சுத்த வெள்ளிக்கு 10.5.

கடைசியாக ஒன்று. இந்தக் காசு அப்பாவுக்கு எந்தத் துறைமுகத்தில் கிடைத்தது என்று அம்மாவுக்குத் தெரியுமா? கேட்டுப் பாருங்கள்.

முத்துநகர் மகள்:

நன்றி ஐயா. பள்ளிக்கூடத்தில் எங்கள் இயற்பியல் ஆசிரியை ஆய்வகத் தராசைக் கொடுத்தார். மாணவிகள் சுற்றி நின்று வேடிக்கை பார்த்தார்கள், ஒருநாள் பாடமே ஆகிவிட்டது.

சும்மா நிறுத்தது 16.94 கிராம். தண்ணீரில் தொங்கவிட்டபோது தராசு 1.63 காட்டியது. வகுத்தால் 10.39 வருகிறது. குறுக்களவு ஒரு பக்கம் 24 மில்லிமீட்டர், இன்னொரு பக்கம் 25. ஓரத்தில் தடிமன் நாலு மில்லிமீட்டர் இருக்கும், நடுவில் அதைவிட அதிகம்.

கண் நேராகத்தான் பார்க்கிறது, பாதாம்பருப்பு மாதிரியே. கவசத்தில் மூன்று இலை, பின்னால் ஒரு சுருள் கொடி. வால் ஒற்றை முனை. விளிம்பில் கோடு எதுவும் தெரியவில்லை. மேல் பக்கம் சாம்பல் கறுப்பு, ஆனால் வெட்டின் அடி வரைக்கும் ஒரே வெள்ளை, கொஞ்சம் பழுப்பு படர்ந்திருக்கிறது.

அம்மா அண்ணன் வீட்டுக்குப் போயிருக்கிறார்கள். வெள்ளிக்கிழமை வந்ததும் கேட்கிறேன்.

உரைகல்:

வெட்டின் அடி வரை வெள்ளையா? அப்படியென்றால் அந்த வெட்டைப் போட்டவன் கேட்ட கேள்விக்குப் பதில் கிடைத்துவிட்டது. சுமார் 2400 வருஷத்துக்கு முந்திய கேள்வி அது.

என் கதை ஒன்று சொல்கிறேன். வேலையில் சேர்ந்த மூன்றாம் வருஷம் ஐந்து பவுன் சங்கிலி ஒன்று அடகுக்கு வந்தது. கல்லில் உரசினேன், திராவகம் விட்டேன், நிறம் அப்படியே நின்றது. பாஸ் பண்ணிவிட்டேன். கடன்காரர் திரும்பி வரவில்லை. ஏலத்துக்கு எடுத்தபோது ஆசாரி ஒரு கண்ணியை நறுக்கிக் காட்டினார். மேலே தடிப்பாகத் தங்கம், உள்ளே செம்பு. பணம் என் சம்பளத்திலிருந்து மாதாமாதம் போனது. உரைகல் தோலைத்தான் காட்டும். உள்ளே இருப்பதைப் பார்க்க வெட்டத்தான் வேண்டும். ஆனால் வாடிக்கையாளரின் தாலிச் சங்கிலியை வெட்ட எந்த மதிப்பீட்டாளனுக்குத் தைரியம் வரும்? ஆந்தைக் காசில் அந்த உளித் தடத்தை முதலில் பார்த்தபோது, ‘இவனுக்குத் தைரியம் இருந்திருக்கிறது’ என்றுதான் நினைத்தேன்.

வெள்ளி எங்கிருந்து வந்தது என்று கேட்டால், ஏதென்ஸுக்குத் தெற்கே லாரியன் என்ற மலைப்பகுதி. அங்கே கிடைத்தது வெள்ளி கலந்த ஈயத் தாது. உருக்கிக் காற்று ஊதினால் ஈயம் மிருதார்சிங்கியாகப் பிரிந்து போகும் (நாட்டு மருந்துக் கடையில் விற்பார்களே, அதேதான்), வெள்ளி மட்டும் மிஞ்சும். நம் ஆசாரிகள் புடம் போடுவதைப் பார்த்தவர்களுக்கு விளக்க வேண்டியதில்லை. கி.மு. 483இல் அங்கே பெரிய நரம்பு ஒன்று அகப்பட்டது. ஆளுக்குப் பத்து டிராக்மா பங்கு போட்டுக்கொள்ளலாம் என்று ஊர்க்கூட்டத்தில் பேச்சு. தெமிஸ்டாக்கிளீஸ் என்பவர் எழுந்து, பங்கு வேண்டாம், கப்பல் கட்டுவோம் என்று சொல்லி எல்லாரையும் இணங்க வைத்தார். மூன்றடுக்குத் துடுப்புப் போர்க்கப்பல்கள், 200 என்று எழுதி வைத்திருக்கிறார் பழைய கிரேக்க வரலாற்றாசிரியர் ஹெரடோட்டஸ். மூன்று வருஷம் கழித்து சாலமிஸ் ஜலசந்தியில் பாரசீகக் கடற்படையை முறியடித்தது அந்தக் கப்பல்கள்தான். ஏதென்ஸின் துறைமுகமான பிரேயஸுக்கு எதிரே தெரியும் தீவுதான் சாலமிஸ். கிரேக்கக் கப்பலில் போன உங்கள் அப்பா பிரேயஸில் இறங்கியிருந்தால் அதைப் பார்க்காமல் இருந்திருக்க முடியாது.

இந்தக் காசின் மதிப்பும் கப்பல் கணக்கில்தான் எனக்குப் புரிந்தது. கி.மு. 415இல் சிசிலிக்குப் படை கிளம்பியபோது துடுப்புப் போட்டவனுக்கு நாள் சம்பளம் ஒரு டிராக்மா. உங்கள் கையில் இருப்பது ஒரு கப்பல்காரனின் நாலு நாள் உழைப்பு. சுரங்கத்துக்குள் ஊர்ந்து போய்த் தாது வெட்டியவனுக்கு அதுவும் இல்லை. பெரும்பாலோர் அடிமைகள். நிக்கியாஸ் என்ற தளபதி ஆயிரம் அடிமைகளைச் சுரங்கக் குத்தகைக்காரனுக்கு வாடகைக்கு விட்டிருந்தார், தலைக்கு நாளொன்றுக்கு ஓர் ஓபோல். ஆறு ஓபோல் சேர்ந்தால்தான் ஒரு டிராக்மா. அந்த வாடகையும் அடிமைக்கு இல்லை, நிக்கியாஸுக்கு. இந்த ஆந்தையின் அழகைப் பற்றி எழுதுகிறவர்கள் இதைக் கடந்து போய்விடுகிறார்கள்.

நேர்க்கண், மூன்று இலை, ஒற்றை முனை வால், எல்லாம் சேர்ந்து 5ஆம் நூற்றாண்டின் பின்பாதியைக் காட்டுகிறது. கூட்டணி நகரங்களின் கப்பக் கருவூலத்தை டெலோஸ் தீவிலிருந்து கி.மு. 454இல் ஏதென்ஸுக்குக் கொண்டுவந்த பிறகு, காசு அடிப்பது கடலை வறுப்பது போல நடந்தது. அதனால் அச்சு கொஞ்சம் அவசரம், கொஞ்சம் கோணல். எனக்கு அந்த அவசரம்தான் பிடிக்கும்.

படம் பார்த்து, எடை கேட்டு, அசல்தான் என்று நான் சத்தியம் செய்ய மாட்டேன். நல்ல வெள்ளியில் அச்சடித்தே ஏமாற்றுகிற கில்லாடிகள் இன்றைக்கும் உண்டு. ஆனால் கடைத்தெருக் கூடையில் கிடந்த காசு இது இல்லை.

செல்லாக்காசு:

சரி, 10.39 என்றதும் நான் வாயை மூடிக்கொண்டேன். என் இரண்டு காசையும் அதே மாதிரித் தண்ணீரில் தொங்கவிட்டேன். ஒன்று 7.3, இன்னொன்று காந்தத்தில் ஒட்டியது. பெயருக்கேற்ற காசு.

ஒரு சந்தேகம் ஐயா. அரசாங்க முத்திரை இருக்கிறது, எடை சரியாக இருக்கிறது, ஊர் பேர் போட்டிருக்கிறது. அப்புறம் எதற்கு வெட்டிப் பார்க்கணும்? முத்திரையே உத்தரவாதம் இல்லையா?

உரைகல்:

முத்திரைக்குப் பின்னால் சட்டம் இருக்கிற ஊரில் உத்தரவாதம்தான். கடலைத் தாண்டினால் அது வெறும் வெள்ளித் துண்டு. எகிப்திலும் சிரியாக் கரையிலும் வியாபாரி காசை எண்ணி வாங்கவில்லை, நிறுத்து வாங்கினான். அவனுக்கு ஆந்தையும் ஒன்றுதான், கொரிந்து நகரத்துச் சிறகுக் குதிரையும் ஒன்றுதான், ஏஜினா தீவின் ஆமையும் ஒன்றுதான். சந்தேகம் வந்தால் உளியை வைத்து ஒரு போடு. ஒரே காசில் நாலு வெட்டு, ஐந்து வெட்டு உள்ளதும் உண்டு. ஆளுக்கு ஆள் நம்பவில்லை.

சந்தேகத்துக்குக் காரணமும் இருந்தது. செம்பு வில்லைக்கு மேல் வெள்ளித் தகடு போர்த்தி, அச்சடித்த கள்ளக்காசுகள் அந்தக் காலத்திலேயே ஏராளம். வேடிக்கை என்னவென்றால் ஏதென்ஸ் அரசே அதைச் செய்தது. ஸ்பார்டாவோடு நீண்ட போர் நடந்துகொண்டிருந்தது. கி.மு. 413இல் ஸ்பார்டாக்காரர்கள் ஏதென்ஸுக்குப் பக்கத்தில் தெகெலேயா என்ற இடத்தில் கோட்டை போட்டு உட்கார்ந்தார்கள். இருபதாயிரத்துக்கும் மேற்பட்ட அடிமைகள் தப்பி ஓடினார்கள், லாரியனில் வேலை படுத்துவிட்டது. வெற்றித் தேவதைச் சிலைகளின் தங்கத்தை உருக்கிக் காசாக்கினார்கள். அதுவும் போதாமல் கி.மு. 406 வாக்கில் வெள்ளி முலாம் பூசிய செம்புக் காசு விட்டார்கள். மறு வருஷமே நாடகாசிரியர் அரிஸ்டோஃபனீஸ் மேடையில் கிண்டல் செய்துவிட்டார்: நல்ல பழைய காசை ஒளித்துவிட்டு இந்தச் செம்பைப் புழங்குகிறீர்களே, நல்ல ஆட்களை விட்டுவிட்டு உதவாக்கரைகளைத் தலைவராக்குவதும் இதே லட்சணம்தானே என்று. தமிழில் காசுக்கும் நேர்மைக்கும் ‘நாணயம்’ என்று ஒரே சொல் இருப்பது தெரிந்திருந்தால் அந்த மனிதர் இன்னும் நாலு வரி சேர்த்திருப்பார்.

ஊருக்குள்ளேயும் சோதனை உண்டு. கி.மு. 375இல் போட்ட சட்டம் ஒன்று கல்லில் வெட்டியபடியே 1970இல் ஏதென்ஸ் சந்தைத் திடலில் கிடைத்தது. அதன்படி சந்தையில் காசு மாற்றுகிறவர்களின் மேசைகளுக்கு நடுவே அரசாங்கச் சோதனையாளர் ஒருவர் உட்கார்ந்திருக்க வேண்டும், பிரேயஸ் துறைமுகத்திலும் ஒருவர். நம் சங்க காலத்து வண்ணக்கர் செய்த அதே வேலை. ‘நோட்டம் பார்க்கிறான்’ என்று இன்றைக்கு எதற்கெல்லாமோ சொல்கிறோம், காசைச் சோதிப்பதும் நோட்டம்தான். ஏதென்ஸில் அந்த ஆள் அரசுக்குச் சொந்தமான அடிமை. வேலைக்கு வராமல் இருந்தால் 50 கசையடி. வந்த காசில் உள்ளே செம்போ ஈயமோ இருந்தால் அங்கேயே குறுக்கே வெட்டி, தேவர்களின் தாய் என்ற தெய்வத்துக்குக் காணிக்கையாக்கி, மன்றத்தில் ஒப்படைத்துவிட வேண்டும். நல்ல காசு என்று அவர் சொன்ன பிறகும் வாங்க மாட்டேன் என்கிற வியாபாரியின் அன்றைய சரக்கு முழுவதும் பறிமுதல். எனக்கு இந்தச் சட்டத்தில் பிடித்த இடம் இதுதான். சந்தேகப்பட ஓர் ஆளை உட்கார வைத்து, மற்றவர்கள் சந்தேகப்படக் கூடாது என்று சொல்லிவிட்டார்கள்.

இன்னொரு ஆந்தைக் கதை. அந்தப் போரில் ஏதென்ஸ் தோற்றதும் ஸ்பார்டாவின் தளபதி லிசாண்டர், கிடைத்த வெள்ளியைக் கிலிப்பஸ் என்ற தளபதியிடம் கொடுத்து ஊருக்கு அனுப்பினார். மூட்டையின் வாய் முத்திரையிட்டிருந்தது. கிலிப்பஸ் அடிப்பக்கத் தையலைப் பிரித்து ஒவ்வொரு மூட்டையிலும் கொஞ்சம் உருவிக்கொண்டு மறுபடி தைத்துவிட்டார். ஒவ்வொரு மூட்டைக்குள்ளும் கணக்குச் சீட்டு இருந்தது அவருக்குத் தெரியாது. தொகை குறைகிறதே என்று அதிகாரிகள் விழித்தபோது கிலிப்பஸ் வீட்டு வேலைக்காரன் ஒரு விடுகதை போட்டானாம்: “எங்கள் ஓடுகளுக்குக் கீழே நிறைய ஆந்தைகள் அடைந்திருக்கின்றன.” கூரை ஓட்டுக்குள் அத்தனை வெள்ளி. புளூட்டார்க் சொல்கிற கதை இது.

மகளே, உங்கள் காசுக்கு வருகிறேன். வெட்டை அடைக்க வேண்டாம். அடைத்தால் காசின் பாதிக் கதை போய்விடும். அதைவிடப் பெரிய ஆபத்து சூடு. இத்தனை காலம் மண்ணில் கிடந்த வெள்ளி உள்ளுக்குள் மணல் போல நொறுங்கும் தன்மைக்கு வந்திருக்கலாம். வளையம் பற்றவைக்க ஊதுகுழலை நீட்டினால் ஆசாரியின் கையிலேயே இரண்டாகப் போகும்.

சென்னை போகிற வேலை இருந்தால் எழும்பூர் அரசு அருங்காட்சியகத்தின் நாணயப் பிரிவில் காட்டுங்கள். வெளிநாட்டுக்கு அனுப்பிச் சான்றிதழ் வாங்கலாம் என்று யாராவது ஆசை காட்டினால் வேண்டாம். நூறு வருஷம் கடந்த காசு 1972ஆம் வருஷச் சட்டப்படி தொல்பொருள். நாட்டை விட்டு வெளியே அனுப்பக் கூடாது.

தம்பிக்கும் ஒரு வழி சொல்கிறேன். அந்த பிஸ்கட் டப்பாவைக் கொட்டித் தேடச் சொல்லுங்கள். 1973 என்று வருஷம் போட்ட டிராக்மா இருக்கிறதா பாருங்கள், மஞ்சள் நிறம், ஒரு பக்கம் ஆந்தை. அதில் வளையம் வைத்தால் யாரும் கேட்க மாட்டார்கள்.

முத்துநகர் மகள்:

அம்மா வெள்ளிக்கிழமை வந்துவிட்டார்கள். காசைப் பார்த்ததும் முதலில் பேசவில்லை. அப்புறம், “இதைத் தொலைத்துவிட்டேன்னுல்ல சொன்னாக” என்றார்கள்.

இது கிரேக்கத்தில் வாங்கியதே இல்லையாம். எகிப்தில், போர்ட் சயீத் துறைமுகத்தில் சூயஸ் கால்வாய்க்குள் நுழைய வரிசையில் நின்றபோது, படகில் சாமான் விற்க வந்த ஒருவர் கொடுத்தது. பதிலுக்கு அப்பா கொடுத்தது இரண்டு கட்டு சிகரெட்டும், கப்பலில் கொடுத்திருந்த புது பூட்ஸும். அந்தப் பயணம் முழுக்க பழைய பூட்ஸைக் கம்பி வைத்துக் கட்டிக்கொண்டு இன்ஜின் அறையில் நின்றாராம். ஊருக்கு வந்ததும் அம்மா கேட்ட கேள்வியில், காசைக் கடலில் போட்டுவிட்டேன் என்று சொல்லிவிட்டார். நாற்பது வருஷமாகத் துணியில் முடிந்து வைத்திருக்கிறார்.

ஐயா, எகிப்து என்றால் கணக்கு மாறுமா?

உரைகல்:

மாறும், நல்லபடியாக மாறும். இந்த மாதிரி உளிவெட்டு அதிகம் விழுந்தது அந்தப் பக்கத்தில்தான். எகிப்து மன்னர்கள் கிரேக்கக் கூலிப்படை வைத்திருந்தார்கள். கூலிப்படைக்காரன் ஆந்தையைத் தவிர வேறு காசு வாங்க மாட்டான், அதனால் எகிப்திலேயே ஆந்தை அடிக்க ஆரம்பித்தார்கள். அடிக்கும் அச்சு ஒன்றே அங்கே கிடைத்திருக்கிறது. உங்களுடையது ஏதென்ஸில் அடித்து எகிப்தில் வெட்டுப்பட்டதா, எகிப்திலேயே அடித்து வெட்டுப்பட்டதா என்று அருங்காட்சியகத்தில் நேரில் பார்க்கிறவர்கள் சொல்லட்டும். ஆந்தையின் கண்ணுக்கு மேலேயும் கால் நகத்துக்குப் பக்கத்திலேயும் நல்ல வெளிச்சத்தில் படம் எடுத்துப் போட்டால் எனக்கும் ஒரு சந்தோஷம்.

பூட்ஸ் கதையை ஒரு தாளில் எழுதி, அம்மா கையெழுத்தோடு அந்த உறைக்குள்ளேயே வையுங்கள். காசு கைக்கு எப்படி வந்தது என்று எழுதி வைத்தவர்கள் குறைவு.

முத்துநகர் மகள்:

எழுதிவிட்டோம். அம்மா சொல்லச் சொல்ல நான் எழுதினேன். பூட்ஸ் அளவு எட்டு என்பதைச் சேர்க்கச் சொன்னார்கள், சேர்த்தாயிற்று. வர்ற மாதம் சென்னையில் ஒரு கல்யாணம், அப்போது எழும்பூர் போகிறோம்.

தம்பி டப்பாவைத் தரையில் கொட்டிவிட்டான். 1973 போட்ட இரண்டு டிராக்மா ஒன்று கிடைத்தது. மஞ்சள், நல்ல வட்டம், ஆந்தை சுத்தமாகத் தெரிகிறது. மருமகன் அதை வாங்கிப் புரட்டிப் பார்த்துவிட்டு, “இதுல வெட்டு எங்க?” என்று கேட்கிறான்.